முதற் குற்றமும் கிழிந்த வலையும்: ஊர்காவற்றுறை வழக்குகளை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

குற்றம் ஒன்று நிகழ்ந்ததும் குற்றவாளிக்கு யாது செய்வது என்று வினவுவது நீதிமன்றங்களின் மரபாகும். குற்றத்தால் இழந்தவருக்கு யாது செய்வது என்ற வினா பெரும்பாலும் பின்னரே எழுகிறது; சிலவேளைகளில் எழுவதேயில்லை. முதன்முறை தவறிழைத்தோரைப் பொறுத்தவரை இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். இலங்கைச் சட்டம் முதற் குற்றவாளியிடத்து இரக்கமற்றது என்று கூறுதல் பொருந்தாது. 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவும், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் சிறையைத் தவிர்ப்பதற்கு வழிகளை வகுத்துள்ளன. ஆயினும் இவை யாவும் முதலாவது வினாவுக்கே விடை கூறுகின்றன. குற்றவாளியின் வயது, ஒழுக்கம், முன்வரலாறு ஆகியன நிறுக்கப்படுகின்றன. இழந்தவரின் இழப்பு தராசில் ஏறுவதில்லை.

இரண்டாவது வினாவிலிருந்து தொடங்கும் சிந்தனையே சீர்செய் நீதி என்று இங்குச் சுட்டப்படுகிறது. தவறிழைத்தவரும் இழந்தவரும் நேர்முகமாகச் சந்தித்தல், தவறு ஒப்புக்கொள்ளப்படுதல், இழப்புக்கு ஈடு செய்யப்படுதல், அதன்பின் இருவரும் ஒரே சமூகத்தில் வாழ வழி பிறத்தல் என்பன அதன் கூறுகள். 1974ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்து எல்மைரா என்னுஞ் சிற்றூரில் இளைஞர் இருவர் ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் ஆலோசனையை ஏற்ற நீதிபதி, அவ்விளைஞரை வீடுவீடாகச் சென்று இழந்தவர்களைச் சந்திக்கவும் ஈடு செலுத்தவும் பணித்தார். இக்காலச் சீர்செய் நீதியின் தொடக்கமாக இந்நிகழ்ச்சியே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1989இல் நியூசிலாந்து, இளங்குற்றவாளிகள் தொடர்பாகக் குடும்பத்தாரும் இழந்தவரும் கூடிப் பேசும் முறையைச் சட்டமாக்கியது. மாவோரி மக்களின் வழக்கங்கள் அதன் ஆக்கத்திற் செல்வாக்குச் செலுத்தின. இச்சிந்தனைக்குக் கோட்பாட்டு வலுவளித்தவருள் ஒருவர் நோர்வே அறிஞர் நில்ஸ் கிறிஸ்ரி. பிணக்கு என்பது அதில் ஈடுபட்டோரின் உடைமை. நவீன அரசும் சட்டத்தொழில் வல்லாரும் அவ்வுடைமையைக் கவர்ந்துகொண்டனர் என்பது 1977இல் அவர் முன்வைத்த வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதத்தின் மெய்ம்மையைச் சோதித்தறிவதற்கு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைவிடப் பொருத்தமான களம் அரிது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய தீவுகளின் கடலிலே பிடிக்கப்படும் தமிழ்நாட்டு இழுவைப் படகுத் தொழிலாளருட் பலர் ஊர்காவற்றுறை நீதவான் முன்னிலையிலேயே நிறுத்தப்படுகின்றனர். முதற் குற்றவாளி, மீண்டும் குற்றமிழைத்தவர் என்ற வேறுபாடு இந்நீதிமன்றத்தில் ஏட்டளவிலன்றி நடைமுறையிலும் ஆட்சி செலுத்துகிறது.

இவ்வழக்குகளின் சட்டப் பின்னணி சுருக்கமாக அறியப்படவேண்டியது. கச்சதீவையும் பாக்குநீரிணையின் எல்லையையும் பற்றிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதனைத் தொடர்ந்த 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இரு நாடுகளுக்குமிடையே கடலிலே கோடு கீறின. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அக்கோட்டைத் தாண்டுதலைக் குற்றமாக்கியது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கடலடி இழுவைமடித் தொழிலை இலங்கையில் முற்றாகத் தடைசெய்தது. 2018ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை, படகின் நீளத்துக்கேற்ப, 50 இலட்சம் ரூபா முதல் 17 கோடியே 50 இலட்சம் ரூபா வரை உயர்த்தியது. இச்சட்டங்களின் கீழ் முதன்முறை பிடிபடும் தொழிலாளருக்குப் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது. சில கிழமைகள் விளக்கமறியலில் இருந்தபின் அவர்கள் தாயகம் திரும்புகின்றனர். மீண்டும் பிடிபடுவோர் சிறை செல்கின்றனர். 2024 பெப்ரவரியில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் படகோட்டிகளுக்கும் மீண்டும் பிடிபட்ட ஒருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தபோது இராமேசுவரம் மீனவர் அவ்வாண்டுக் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவைப் புறக்கணித்தனர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இந்நடைமுறை மனிதாபிமானம் மிக்கதாகவே தோன்றும். முதற் குற்றத்துக்கு மன்னிப்பு, மறு குற்றத்துக்குத் தண்டனை என்பது பொதுமக்களின் நீதியுணர்வோடு இயைவதே. ஆனால் குற்றப்பத்திரத்தை ஊன்றி நோக்கும்போது இந்நடைமுறையின் அடிப்படைக் குறைபாடு வெளிப்படும். அங்கு எழுதப்படும் குற்றம் எல்லை தாண்டியமையும் தடைசெய்யப்பட்ட தொழிலைச் செய்தமையும் ஆகும். முறைப்பாட்டாளர் அரசு. வலை கிழிந்தவர் அவ்வழக்கில் இல்லை.

வலை கிழிதல் என்பது தீவக மீனவனுக்கு யாது பொருள் தருகிறது என்பதை உணர்ந்தாலன்றி இக்குறைபாட்டின் ஆழம் புலப்படாது. நெடுந்தீவின் கரையிலும் அனலைதீவின் கரையிலும் தொழில் செய்பவன் சிறு படகினன். மாலையிற் பாய்ச்சிய வலையை விடியற்காலையில் எடுப்பது அவன் வழக்கம். நண்டு வலையாயினும் மீன் வலையாயினும் அது கடனிலோ அடகிலோ வாங்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். இரவில் இழுவைப் படகுகள் அவ்வழியே செல்லுமாயின் வலை அறுந்து போகிறது. அடித்தளத்து மீன்வளமும் அள்ளப்படுகிறது. போர்க்காலத்தில் பாதுகாப்புத் தடைகளாலும் 1990இலும் 1991இலும் நேர்ந்த இடப்பெயர்வாலும் கடலைவிட்டு விலக்கப்பட்டிருந்த மக்கள், 2009இன் பின் தொழிலை மீளத் தொடங்கியபோது தம் கடலில் இன்னொரு தொழில் வேரூன்றியிருப்பதைக் கண்டனர்.

இங்கு ஒரு முரண்பாடு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டுக் கரையிலும் இழுவைப் படகினருக்கும் நாட்டுப் படகினருக்குமிடையே நீண்டகாலப் பிணக்கு இருந்துவந்தது. அதனைத் தணிக்கும் பொருட்டுப் பாக்குநீரிணைக் கரையில் இழுவைப் படகுகள் கிழமையில் மூன்று நாள்களும், நாட்டுப் படகுகள் நான்கு நாள்களும் தொழில் செய்வதென்ற ஒழுங்கு ஏற்பட்டது. இருதரப்பாரும் ஒரே கடலைப் பகிர்ந்து வாழ்வதற்கான ஏற்பாடு அது. சீர்செய் நீதியின் சாயல் அதில் உண்டு. ஆனால் அப்பகிர்வின் சுமை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து தீவகத்தார்மீது விழுந்தது. அம்மூன்று இரவுகளிலும் வலை பாய்ச்ச அஞ்சுகிறவன் நெடுந்தீவு மீனவன். அவ்வொழுங்கு பேசப்பட்ட மேசையில் அவனுக்கு இருக்கை இருக்கவில்லை. இழந்தோருள் ஒரு பகுதியினரை விலக்கிவைத்துச் செய்யப்படும் இணக்கம் பிணக்கைத் தீர்ப்பதில்லை. அதனை வேறோரிடத்துக்கு நகர்த்துகிறது.

இனி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யாவர் என்பதை நோக்குதல் தகும். இழுவைப் படகிற் செல்லும் தொழிலாளி பெரும்பாலும் கூலிக்கோ பங்குக்கோ செல்பவன். படகும் மடியும் எந்திரமும் கரையில் நிற்கும் உரிமையாளனுக்குரியவை. தொழிலாளியைப் பொறுத்தவரை அது முதற் குற்றமாயிருக்கலாம். படகுரிமையாளனோ ஒருவனுக்கு ஒத்திவைத்த தண்டனை கிடைத்ததும் வேறொருவனை அனுப்ப முடியும். புதியவனும் பிடிபடும்போது முதற் குற்றவாளியே ஆவான். ஆதலால், முதற் குற்றத்தையும் மறு குற்றத்தையும் ஆள்வழியே கணக்கிடும் நீதிமுறை, தொழில்வழியே தொடரும் குற்றத்தைக் காணத் தவறிவிடுகிறது. இது தனிமனித ஒழுக்கம் பற்றிய பிரச்சினையன்று. உற்பத்திச் சாதனத்தை உடையவனுக்கும் உழைப்பவனுக்கும் இடையிலுள்ள உறவு பற்றிய பிரச்சினையாகும்.

படகுகள் பறிமுதல் செய்யப்படுகின்றனவே என்று வினவலாம். 2022 பெப்ரவரியில் காரைநகர் முதலிய இடங்களில் அவ்வாறு கைப்பற்றப்பட்ட படகுகள் ஏலத்தில் விடப்பட்டன. பறிமுதல் உரிமையாளனைத் தாக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் அது தண்டமே அன்றி ஈடன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு விதிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. ஆனால் எல்லை தாண்டுதல் என்ற குற்றத்தில் பாதிக்கப்பட்ட தனிமனிதர் எவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிறிஸ்ரி கூறிய கவர்தல் இங்கு அப்பட்டமாக நிகழ்கிறது. வலையைப் பற்றிய பிணக்கு நாட்டெல்லையைப் பற்றிய பிணக்காக உருமாற்றப்படுகிறது. அதன்பின் கொழும்பும் புதுடில்லியுமே பேசுகின்றன. நல்லெண்ணத்தின் அடையாளமாகத் தொழிலாளர் விடுவிக்கப்படும்போது நல்லெண்ணத்தின் பயன் அரசுகளைச் சாருகிறது. அதன் விலையைத் தீவக மீனவன் செலுத்துகிறான்.

இரக்கத்துக்கும் சீர்செய்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கியம் அறியாததன்று. மணிமேகலைக் காப்பியத்தை இந்நோக்கிற் படித்தல் பயனுடையது. நயினாதீவே அக்காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று கொள்ளும் மரபு தீவகத்தில் வலுவாக நிலவுகிறது. அறிஞரிடையே அது முடிந்த முடிபன்று. மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியைக் கொண்டு மணிமேகலை புகார் நகரத்துச் சிறையிலுள்ளோரின் பசி தீர்க்கிறாள். மகிழ்ந்த சோழ மன்னனிடம் அவள் வேண்டும் வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்பதே. சிறைகளற்ற சமூகத்தைக் கனவுகண்ட காதை என்று பத்தொன்பதாம் காதை பாராட்டப்படுவது பொருத்தமே. எனினும் அக்காதை ஒரு வினாவை விடையின்றி விடுகிறது. சிறையிலிருந்தோரால் இழந்தவர்கள் யாவர்? அவர்களுக்கு அறக்கோட்டத்தில் என்ன கிடைத்தது? காப்பியம் அதனைப் பேசுவதில்லை. அங்கு நிகழ்வது அரசனின் அருள்.

ஆனால் காப்பியம் அத்துடன் நின்றுவிடவில்லை. உதயகுமாரன் கொல்லப்பட்டபின், மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலைமீது சினங்கொண்டு அவளைத் தன்னிடம் வருவித்துப் பலவாறு துன்புறுத்த முனைகிறாள். சிறைவிடு காதையில் அத்தாயின் துயரமும் வஞ்சமும் மறைக்கப்படவில்லை. மணிமேகலை அவளை வெறுத்தொதுக்காது நேர்நின்று பேசுகிறாள். இறுதியில் அரசி மனம் மாறுகிறாள். கொன்றவள் மணிமேகலை அல்லள். ஆயினும் இழந்தவளின் முன் நின்று, அவள் சினத்தைத் தாங்கி, அவளோடு உரையாடவேண்டிய கடமையிலிருந்து அவள் விலகவில்லை. விடுதலை ஒன்று, சந்திப்பு வேறொன்று என்பதை இவ்விரு காதைகளையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணரலாம். ஊர்காவற்றுறை நடைமுறை பத்தொன்பதாம் காதையின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. சிறைக்கதவு திறக்கிறது, இழந்தவரின் வாசலுக்கு எவரும் செல்வதில்லை.

அத்தகைய சந்திப்புக்கான முயற்சிகள் நடைபெறவேயில்லை என்று கூறமுடியாது. 2004இல் தமிழ்நாட்டு மீனவர் நல்லெண்ணக் குழு ஒன்று இலங்கைக்கு வந்தது. 2010இல் நிகழ்ந்த பேச்சில் இழுவைமடித் தொழிலை ஓராண்டுக்குட் கைவிடுவதென்ற இணக்கம் எட்டப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2014 ஜனவரியிற் சென்னையிலும் மே மாதத்திற் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டுஞ் சென்னையிலும், 2025 மார்ச்சில் வவுனியாவிலும் மீனவர் பிரதிநிதிகள் கூடினர். 2017இல் இந்திய அரசு 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. மாறியவை அவ்வெண்ணுக்கு மிகவுங் குறைவு.

இச்சந்திப்புகள் வெற்றி பெறாமைக்கு அரசியற் காரணங்கள் பல கூறப்படும். அவற்றோடு நீதிமுறை சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. இப்பேச்சுகள் யாவும் எதிர்காலத்தைப் பற்றியவை: எத்தனை நாள் தொழில் செய்வது, எத்தனை ஆண்டு அவகாசம் கொடுப்பது என்பனவே அவற்றின் பொருள். நேற்றிரவு அறுந்த வலைக்கு யார் பொறுப்பு என்பது பேசப்படவில்லை. தவறு ஒப்புக்கொள்ளப்படாமலும் ஈடு செய்யப்படாமலும் அவகாசம் கேட்கப்படும்போது, இழந்தவருக்கு அது இழப்பைத் தொடர்வதற்கான அனுமதியாகவே தோன்றும். சீர்செய் நீதியில் ஒப்புதலும் ஈடும் முன்னே வருகின்றன; எதிர்கால ஒழுங்கு அவற்றின் மேலேயே கட்டப்படுகிறது. அவ்வரிசை இங்குத் தலைகீழாயிற்று.

தொப்புள்கொடி உறவு என்ற சொல்லாட்சியையும் இவ்விடத்தில் விமர்சித்தல் அவசியமாகிறது. இரு கரையினரும் ஒரே மொழியினர். கச்சதீவுத் திருவிழாவில் ஒன்றாக வழிபடுவோர். போர்க்காலத்தில் அகதிகளை ஏற்ற கரை தமிழ்நாட்டுக் கரை. இவை மறுக்கவொண்ணா உண்மைகள். ஆனால் உறவின் பெயரால் இழந்தவனை வாய்மூடச் செய்தல் உறவைப் போற்றுவதாகாது. ஊர்ப் பெரியோர் கூடிச் சமாதானம் செய்துவைக்கும் பழைய முறையிலும் இக்குறையே இருந்தது. வறியவனும் சாதியால் ஒடுக்கப்பட்டவனும் சமாதானத்துக்கு இணங்குமாறு நெருக்கப்பட்டனர். அமைதி காக்கப்பட்டது, நீதி காக்கப்படவில்லை. சீர்செய் நீதியைப் பழைய பஞ்சாயத்தின் மறுபிறப்பாகக் கொள்வோர் இதனை மறந்துவிடலாகாது. வலியோனும் மெலியோனும் அமரும் மேசையில் மெலியோனுக்குப் பாதுகாப்பு இல்லையெனில் இணக்கம் என்பது வற்புறுத்தலின் மறுபெயரே.

இவ்வாறு கூறுவதால் இணக்கமுறை பயனற்றது என்பது கருத்தன்று. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இலங்கையில் ஏற்கெனவே ஒரு கருவியைத் தந்துள்ளது. காயம் விளைத்தல், பிறர் பொருளைச் சேதப்படுத்தல் போன்ற சிறு குற்றங்கள் நீதிமன்றம் செல்லுமுன் இச்சபைகளுக்குச் செல்லவேண்டும். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை; இருதரப்பாரும் மத்தியஸ்தரைத் தெரிவுசெய்வதிற் பங்கு கொள்கின்றனர். அமைச்சரின் நியமனத்தால் அரசியற்சாயல் பெற்று 1978இல் நீக்கப்பட்ட இணக்க சபைகளின் அனுபவத்திலிருந்து பாடங்கற்று, சபைகளின் நியமனம் ஆணைக்குழு ஒன்றிடம் விடப்பட்டது. குறித்த வகைப் பிணக்குகளுக்கெனத் தனிச் சபைகளை அமைக்க 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. வெளிநாட்டுப் படகுரிமையாளனைக் கட்டுப்படுத்த இச்சட்டங்களுக்கு வலுவில்லை என்பது மெய்யே. ஆயினும் குருநகர் போன்ற இடங்களில் இருந்துவந்த உள்ளூர் இழுவைப் படகுத் தொழிலுக்கும் தீவக வலைத் தொழிலுக்கும் இடையிலான பிணக்கில் இம்முறையைச் சோதித்தறியத் தடையில்லை. சோழமண்டலக் கரை மீனவர் ஊர்களிற் சேதமான வலைக்கு ஈடு பேசித் தீர்க்கும் வழக்கத்தை ஒல்லாந்த அறிஞர் மார்ட்டன் பாவிங்க் ஆராய்ந்துள்ளார். ஆகவே ஈடு என்ற கருத்து இரு கரையினருக்கும் புதிதன்று; அது எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை என்பதே குறை.

அது தாண்டவேண்டுமாயின் மூன்று மாற்றங்கள் இன்றியமையாதன. முதலாவது, ஒவ்வொரு கைதின்போதும் அன்றிரவு எந்தக் கரையில் எவருடைய வலை சேதமாயிற்று என்பது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகப் பதியப்பட்டு வழக்கேட்டில் இடம்பெறவேண்டும். இரண்டாவது, முதற் குற்றவாளியான தொழிலாளியின் விடுதலை, அவனது வறுமைக்கு வழங்கப்படும் சலுகையாக மட்டும் அமையாது, இழந்தவரை அவன் நேரிற் கேட்டறிவதோடு இணைக்கப்படவேண்டும். ஈட்டின் பொறுப்போ படகுரிமையாளனைச் சாரவேண்டும். கூலித் தொழிலாளியிடம் ஈடு கேட்பது ஏழையை ஏழையோடு மோதவிடுவதாகும். மூன்றாவது, இருநாட்டு மீனவர் பேச்சுகள் சேதமும் ஈடும் என்ற பொருளில் தொடங்கி, நாள்களும் அவகாசமும் என்ற பொருளுக்குச் செல்லவேண்டும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலிற் கடற்படைப் படகோடு மோதி நால்வர் இறந்தனர்; 2024 ஜூனில் கடற்படை வீரர் ஒருவரும் ஓகஸ்டில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவரும் இறந்தனர். உயிரிழப்புகள் பேசித் தீர்க்கும் கணக்கில் அடங்குவன அல்ல. அவை முழுமையான விசாரணையைக் கோருவன. சீர்செய் நீதி எல்லாக் குற்றத்துக்கும் மருந்தன்று. மீளச் செய்யக்கூடிய இழப்பு உள்ள இடமே அதற்குரிய இடம். கிழிந்த வலை மீளச் செய்யக்கூடியது.

முதற் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமை நாகரிக சமூகத்தின் இலக்கணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நீதியின் முற்பாதியே. அவனை விடுவிக்கும் அதே தீர்ப்பு, அவனால் இழந்தவரின் முறைப்பாட்டையும் கேட்டாலன்றி, இரக்கம் ஒரு தரப்புக்கும் இழப்பு மறுதரப்புக்குமாகப் பங்கிடப்படும். தண்டனைக்கு மாற்றாக அமையவேண்டியது வெறும் விடுதலை அன்று. ஈடுசெய்தலோடு கூடிய விடுதலையே. ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் முதற் குற்றவாளியின் பெயர் அழைக்கப்படும்போது, வலையிழந்தவரின் பெயரும் அழைக்கப்படும் நாளிலேயே அங்கு வழங்கப்படும் தீர்ப்பு முழுமை பெறும்.